பூச்சிக்கடியும் நம் வீட்டுக் கைமருந்தும்



வெயிலுக்குப் பெயர்போன நம் வேலூர் வட்டாரத்தில், ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த பிறகு சில வாரங்கள் மட்டும் குன்றுகள் பசுமை போர்த்து நிற்கும். ஆண்டு முழுவதும் வெந்துகிடந்த மொட்டைப் பாறைகளினூடே புல் முளைக்கும். பாலாற்று மணலில் அங்கங்கே நீர் பளபளக்கும். வீட்டுக்குள் அடைந்திருக்க எவருக்குத்தான் மனம் வரும்? ஜும்ஆ தொழுகை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகத் தோப்புக்கும் மலையடிவாரத்துக்கும் புறப்பட்டுவிடுகிறோம். நாம் ஆவலோடு எதிர்பார்க்கும் அந்த நாட்கள்தாம் கடிக்கும் பூச்சிகளுக்கும் செழிப்பான நாட்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படிப்பட்டதொரு வெள்ளிக்கிழமை, எங்கள் மத்ரஸா மாணவர் பதின்மரை அழைத்துக்கொண்டு காட்பாடிக்கு அப்பாலுள்ள ஒரு குன்றின் அடிவாரத்துக்குச் சென்றிருந்தேன். கொண்டு சென்ற ஒரே ஜமுக்காளத்தில் உணவுப் பாத்திரங்களை வைத்துவிட்டோம். பிள்ளைகள் ஜிப்பாக்களைக் கழற்றிப் புதர்களின் மீது போட்டுவிட்டு, புல்தரையில் உருண்டு புரண்டு விளையாடினர். பதின்மூன்று வயது மாணவன் ஒருவனின் காலில் கட்டெறும்பு கடித்துவிட்டது. அவன் துள்ளிக் குதித்துக் கூச்சலிட்டதையும் மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்ததையும் சொல்லத் தேவையில்லை. குளிர்ந்த நீரால் கழுவினோம். வீட்டுக்குப் போனதும் அவனுடைய நன்னிம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது. கைமருந்துக்கு வெற்றி என்றுதான் அனைவரும் எண்ணினோம்.

பத்தாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கூடவே தாங்க முடியாத தலைவலி. "எறும்புக்கடி விஷம் உள்ளுக்குப் போய்விட்டது ஹஜரத்" என்றார் நன்னிம்மா. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் மூன்று நாட்களுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் பையன் கண் திறக்காமல் கிடக்கவே, பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த பெண் மருத்துவர் எறும்பு கடித்த காலைப் பார்க்கவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். இடக்கையை உயர்த்தி அக்குளைப் பார்த்தார். அங்கே மஞ்சள் பற்று காய்ந்திருந்தது. ஈரப் பஞ்சால் அதைத் துடைத்ததும் அடியில் துவரம் பருப்பளவில் ஒரு கருத்த பொருக்கு தெரிந்தது. சிகரெட் நெருப்பால் சுட்டது போன்ற வடு.

"அதுவா டாக்டரம்மா? ஏதோ சிரங்கு காய்ந்திருக்கிறது என்று நான்தான் பற்றுப் போட்டேன்" என்றார் நன்னிம்மா.

அது சிரங்கன்று. புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகை நுண்ணிய உண்ணியின் இளம் குஞ்சு கடித்த இடம். அது அரிக்கவில்லை, வலிக்கவில்லை. ஆகவே பையன் எவரிடமும் சொல்லவும் இல்லை. எறும்பின் கூச்சலைக் கேட்ட நாங்கள் அனைவரும் இந்த ஓசையற்ற கடியைக் கோட்டை விட்டோம். உரிய மருந்து கொடுத்த இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிந்தது, அல்ஹம்துலில்லாஹ். புல்தரையில் விரிப்பு விரிக்காமல் பிள்ளைகளைப் படுக்கவிட்ட குற்றம் என்னுடையது. அந்த உறுத்தலே இக்கட்டுரையை எழுதவும் தூண்டியது.

நம் ஊருக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு

இந்த நோய்க்கு மருத்துவர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று பெயரிட்டுள்ளனர். செய்தித்தாள்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று படித்திருப்பீர்கள். அந்த உண்ணிக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரிவது அரிது. கடித்த பிறகு காய்ச்சல் வருவதற்கு 6 நாட்கள் முதல் 3 வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் நாம் தோப்புக்குப் போனதையே மறந்துவிடுகிறோம்.

காட்பாடி ரயில் நிலையத்தில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் நாள்தோறும் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அத்தனை பேரும் தேடி வரும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் பூச்சிகள் பரப்பும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் நாட்டுக்கே முன்னோடி. 1955-ஆம் ஆண்டு, அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்தும் அண்டை ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் அங்குச் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடம்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. நெல்வயல் நீரில் பெருகும் கொசுக்கள் அதைப் பரப்புகின்றன. கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். எனினும் என் மாவட்டத்தின் இந்த வரலாற்றை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்க்ரப் டைபஸ் பற்றியும் இதே மருத்துவமனை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். குளிர்ந்த மாதங்களில்தான் இங்கு அது தலைதூக்குகிறது என்பதும் அவர்கள் கண்டதே. அவர்கள் தலைமையில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 794 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2023-இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ ஏடு ஒன்றில் வெளியாயிற்று. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைக் காட்டிலும் பலன் தருகிறது என்பது அதன் முடிவு. நோய் முற்றாத நிலையில் மாத்திரையே போதுமானது, விலையும் மலிவு. ஆயின் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அன்று இது.

இதனால் கைமருந்தே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் வேப்பிலை, மஞ்சள் மணக்கும் வீட்டில் வளர்ந்தவன்தான். எந்தக் கடிக்குக் கைமருந்து போதும், எதற்குப் போதாது என்பதைப் பிரித்தறிய வேண்டும் என்பதே என் பேச்சு.

கடிக்கு முன்னால்

கொசு விரட்டுவதற்கு நம் வீடுகளில் முதலிடம் வேப்பெண்ணெய்க்கு. இது வெறும் பாட்டி நம்பிக்கை அன்று. தில்லியிலுள்ள மலேரியா ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் தேங்காய் எண்ணெயில் 2 சதவீத அளவு வேப்பெண்ணெய் கலந்து மனிதர்கள் மீது பூசிச் சோதித்து, மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுக்களிடமிருந்து நல்ல பாதுகாப்புக் கிடைத்ததாக 1993-இல் எழுதினார்கள். மற்றக் கொசுக்களிடம் அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. நூறு மில்லி தேங்காய் எண்ணெய்க்கு அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக வேப்பெண்ணெய் சேர்த்தால் அந்த 2 சதவீதம் வந்துவிடும். பலர் வேப்பெண்ணெயை அப்படியே அள்ளிப் பூசிக்கொள்கிறார்கள். சருமம் எரிவது ஒருபுறமிருக்க, ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர் பாடுதான் திண்டாட்டம்!

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேப்பெண்ணெய் பூசுவதற்கு மட்டுமே. சளிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் என்று பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் புகட்டும் பழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. மலேசியாவில் அவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தி, வலிப்பு கண்டு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1980-களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஒரு சொட்டும் வாய்க்குள் போகக்கூடாது.

எலுமிச்சைப் புல் எண்ணெய், சிட்ரோனெல்லா எண்ணெய் முதலியவை மணமானவை. ஆனால் விரைவில் ஆவியாகிவிடும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டில், 24 சதவீத அளவில் 'டீட்' என்னும் வேதிப்பொருள் கொண்ட மருந்து ஏறத்தாழ 5 மணி நேரம் கொசுக்கடியைத் தடுத்தது. சோதித்த சிட்ரோனெல்லாப் பூச்சுகளோ 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆகவே மணம் தரும் எண்ணெயை நம்பிப் போகிறவர்கள் அடிக்கடி பூசிக்கொள்ள வேண்டும். நெடுநேரம் வெளியில் இருப்பவர்களுக்குக் கடைப் பூச்சே மேல். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்தப் பூச்சும் வேண்டாம், கொசுவலையே போதும்.

நம்மவர்களுக்கென்றே உரிய ஒரு செய்தியும் உண்டு. அஸர் நேரத்தில் எண்ணெயைப் பூசிக்கொண்டு, மஃரிபுக்கு ஒளூச் செய்யும்போது முகம், கை, கால்களிலிருந்து அதைக் கழுவி விட்டுவிடுகிறோம். கொசு வந்து மொய்க்கும் வேளையோ அதற்குப் பிறகுதான்! ஒளூவை முடித்துக்கொண்டு பூசினால் இஷா வரை உதவும். மெல்லிய எண்ணெய்ப் பசையால் ஒளூவுக்குக் குறையில்லை. மெழுகு போல் கெட்டியாகப் படியும் களிம்பாயின், நீர் சருமத்தில் படும்படி அடுத்த ஒளூவுக்கு முன் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

புகையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெள்ளி இரவுகளில் சாம்பிராணி போடும் வழக்கமுள்ள வீடுகளில் நொச்சி இலையையும் வேப்பிலையையும் தணலில் சேர்ப்பார்கள். புகை இருக்கும்வரை கொசு விலகும், உண்மைதான். ஆனால் அதைத் திறந்த முற்றத்தில் போட்டு, சற்று நேரம் நாம் விலகியிருப்பதே நல்லது. கைக்குழந்தையும் இளைப்பு நோயாளியும் இருக்கும் அறையில் கூடவே கூடாது. கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரையிலான புகைக்கு ஈடு என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிகரெட்டைத் தொடாத நம் பெண்கள் இரவெல்லாம் இந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். திண்ணையில் அமர்ந்திருக்கும்போது காலடியில் ஒரு மேசை விசிறியைச் சுழலவிடுங்கள். கொசு வலுவற்ற பறவி. காற்றை எதிர்த்து வந்து அமர அதனால் இயலாது. கல்யாணப் பந்தலிலும் இதுவே எளிய வழி.

மாலையில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. அதிகாலை கழிந்த நேரமும் அஸரை ஒட்டிய நேரமும் அதற்கு உகந்தவை. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் காலணித் தொழிற்சாலை வண்டிக்காகக் காலையில் சாலையோரம் காத்து நிற்கும் சகோதரிகளும், மத்ரஸாவுக்கு நடந்து வரும் பிள்ளைகளும் இதை நினைவில் கொள்ள வேண்டும். அக்கொசு முட்டையிடுவது நம் வீட்டுத் தண்ணீரில்தான். அந்தி சாயும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும், இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை நாம் அறிவோம். குடத்தையும் தொட்டியையும் மூடும் அந்தப் பழக்கம் நம்மிடம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்கு எண்ணெயைக் காட்டிலும் விரிப்புதான் மருந்து. தடித்த பாயோ ஜமுக்காளமோ இன்றிப் புல்லில் உட்காரவோ படுக்கவோ கூடாது. கழற்றிய துணியைப் புதரின் மீதும், துவைத்த துணியைப் புல்தரையிலும் போடக்கூடாது. கொடியில்தான் உலர்த்த வேண்டும். முழுக்கைச் சட்டையும் காலுறையும் துணை. வீடு திரும்பியதும் அன்றே சோப்புப் போட்டு, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். உடுத்திய துணியைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். காசு செலவில்லாத கைமருந்து இதுதான்.

கடித்த பின்னால்

கொசு, எறும்பு கடித்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஈரத் துணியில் பனிக்கட்டியைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அரிப்பும் வீக்கமும் பெருமளவு அடங்கும். சோற்றுக்கற்றாழைச் சதையும், சமையல் சோடாவை நீரில் குழைத்த பற்றும் சிலருக்கு இதம் தரும். காலமைன் லோஷன் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். குழந்தைகளின் நகத்தை வெட்டிவிடுங்கள். நம் தெருக்களில் காணும் காலப் புண்களில் பல, கொசு கடித்ததால் வந்தவை அல்ல, சொறிந்ததால் வந்தவை.

தேனீ கொட்டினால் கொடுக்கு உடலில் தங்கிவிடும். அதனோடு ஒட்டியுள்ள பை நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எப்படி எடுப்பது என்று ஆளைத் தேடிக்கொண்டிராமல் நகத்தாலோ விரலாலோ உடனே எடுத்துவிடுவதுதான் முக்கியம். குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியது. நஞ்சு தோலுக்கு அடியில் போய்விட்ட பிறகு மேலே தடவும் சுண்ணாம்பு அதை எட்டுவதில்லை. தோலைத்தான் வேக வைக்கிறது. கண்ணுக்கு அருகில் என்றால் பார்வைக்கே கேடு. குளிர் ஒத்தடம் கொடுங்கள், போதும். கொட்டியபின் உதடோ நாக்கோ வீங்கினாலும், உடம்பெங்கும் தடித்தாலும், மூச்சுத் திணறினாலும், தலை சுற்றினாலும் ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள். அப்போது உயிர் காப்பது மருத்துவமனையில் போடும் அட்ரீனலின் ஊசிதான். மலைப் பாறைகளிலும் உயர்ந்த தண்ணீர்த் தொட்டிகளிலும் கூடு கட்டும் மலைத்தேனீக்கள் கூட்டமாகத் துரத்துபவை. அவற்றின் கீழே அடுப்பு மூட்டிப் பிரியாணி தேக்சாவை ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

பக்ரீத் நெருங்கும்போது வீட்டு வாசலில் ஆட்டைக் கட்டிப் பிள்ளைகள் கொஞ்சி விளையாடுகிறார்கள். ஆட்டின் காதிலும் தொடையிடுக்கிலும் உள்ள பெரிய உண்ணி பிள்ளைகளின் தலைமுடிக்குள் ஏறிக் கடித்து ஒட்டிக்கொள்வதுண்டு. அதன் மீது மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்து, அந்த இடத்தைக் கழுவிவிட வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சத்துக்குரியதாயினும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கருத்த பொருக்கு தோன்றுவது பெரும்பாலும் ஆடை மறைக்கும் இடங்களில்: அக்குள், மார்பின் அடிமடிப்பு, இடுப்பில் நாடா இறுக்கும் இடம், தொடை இடுக்கு. நம் பெண்கள் காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் நாடித்துடிப்புக்காகக் கையை நீட்டுவதோடு சரி. மருத்துவரும் சங்கடப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடக்கூடும். அன்று எங்கள் மாணவனின் சட்டையைக் கழற்றியது போல் ஒரு தாயின் ஆடையை யார் விலக்கிப் பார்ப்பார்கள்? இதற்கு வழி வீட்டிலேயே இருக்கிறது. ஐந்து நாட்களைக் கடந்த காய்ச்சல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு மகளோ சகோதரியோ விளக்கு வெளிச்சத்தில் உடல் மடிப்புகளைப் பார்த்துவிட வேண்டும். கண்டதைப் பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்ல வேண்டும். பொருக்கின் மீது மஞ்சளோ வேறு பற்றோ போடக்கூடாது. எல்லோருக்கும் அந்த வடு தோன்றும் என்பதில்லை. ஆகவே வடு இல்லாவிட்டாலும், "பதினைந்து நாட்களுக்கு முன் தோப்புக்குப் போயிருந்தோம், புல் அறுத்தோம், கபரஸ்தானில் புதர் வெட்டினோம்" என்று மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு வழிகாட்டும். காய்ச்சலோடு மூச்சு வாங்குதல், பிதற்றல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் ஐந்து நாள் கணக்கும் பார்க்க வேண்டாம்.

சென்ற கார்த்திகையிலும் மாணவர்களை அழைத்துச் சென்றேன். இம்முறை ஆளுக்கொரு கோரைப்பாய். ஜிப்பாவைக் கழற்ற அனுமதியில்லை. மஃரிபுக்கு முன் ஊர் திரும்பியபோது, அந்த மாணவனின் நன்னிம்மா மத்ரஸா வாசலிலேயே காத்திருந்தார். கையில் மஞ்சள் கிண்ணம் இல்லை; ஒரு சோப்புக்கட்டி இருந்தது. "எல்லாப் பிள்ளைகளையும் முதலில் குளிக்க அனுப்புங்கள் ஹஜரத். கையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் தேநீர்" என்றார்.